ஆயிரம் முகம் தரித்த நடிகர்

ஸினிமா வெறும் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் உளர். அவ்வெண்ணம் தவறென்பது நமது அபிப்பிராயம். ஒரு தேசத்து ஜனங்கள் யாரைக் கண்டு சிரிக்கிறார்கள், யாரைக் கண்டு அஞ்சுகிறார்கள், யாருக்காகக் கண்ணீர் உகுக்கிறார்கள் என்பதை அறிய வேண்டுமானால், அவர்கள் திரள் திரளாகச் சென்று கண்டு களித்த படங்களை ஆராய்ந்தாற் போதும். கூன், குருடு, செவிடு, முடம் என்று நாம் சிறிதும் கூசாமற் சொல்லிவிடும் நிலைமைகளை உடையோரைப் பழைய படங்கள் எவ்விதம் சித்திரித்தன என்ற ஆராய்ச்சி இக்காலத்தில் பெரிதும் நடைபெற்று வருகிறது. அதில் எவர் எந்தக் கட்சியில் நின்று வாதித்தாலும், ஒரு பெயரைத் தாண்டிச் செல்ல இயலாது. அமெரிக்க ஊமைப்பட நடிகர் லான் சேனியின் பெயரே அது. அவருடைய சரித்திரத்தை நேயர்களுக்குச் சுருங்கச் சொல்லி, அதனின்றும் நாம் கொள்ளத்தக்கதும் தள்ளத்தக்கதும் யாவை என்று ஆராய விரும்புகிறோம்.

சேனி 1883-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 1-ந் தேதி கொலராடோ மாகாணத்தைச் சேர்ந்த கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் லியோனிடஸ் பிராங்க் சேனி. தந்தையார் க்ஷவரத் தொழில் செய்து குடும்பத்தைப் பேணி வந்தவர். தாயார் பெயர் எம்மா. இருவருக்கும் காது கேளாது. தாயாரின் தந்தை ஜானதன் கென்னடி, தம் மக்களிற் சிலரே காது கேளாதவர்களாக இருந்தமையால் அந்நிலையின் கஷ்டங்களை அருகிருந்து கண்டவர். 1874-ல் அவ்வூரில் காது கேளாத குழந்தைகளுக்கென்று ஒரு பாடசாலையை ஸ்தாபித்த பெருமை அவரைச் சேர்ந்தது. அப்பாடசாலை பின்னர் கண் பார்வையற்ற குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டு வளர்ந்தது.

சேனிக்குக் காது நன்றாகக் கேட்கும். ஆயினும் அவர் முதன்முதல் கற்ற பாஷை வாயினாற் பேசும் பாஷையன்று. கையசைவும், புருவ நெறிப்பும், உதட்டின் சுழிப்பும், தோளின் குலுக்கலுமே அவ்வீட்டில் சொற்களாக வழங்கின. பசி என்பதும் கோபம் என்பதும் அன்பு என்பதும் அங்கே கண்ணாற் காணப்படும் பொருள்கள். 1880-ல் இத்தாலி தேசத்து மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மகாநாடு, காது கேளாதோர் பாடசாலைகளில் சைகைப் பாஷையை ஒழித்து, உதட்டசைவைப் பார்த்துப் பேசப் பழக்குவதே முறையென்று தீர்மானித்திருந்தது. கற்றறிந்தோர் பலர் சைகைப் பாஷையை இழிந்ததென்று கருதி ஒதுக்கிய காலத்தில், அதுவே தாய்மொழியாக ஒரு பாலகன் வளர்ந்து வந்தான் என்பது கவனிக்கத்தக்கது. அத்தீர்மானம் பிழையென்று உலகத்து ஆசிரியர் மகாநாடு 2010-ல் வான்கூவர் நகரிலேதான் ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. இடையே கழிந்தவை 130 வருஷங்கள்!

சேனிக்குப் பத்து வயதளவில் தாயாரை வாதநோய் பற்றியது. அம்மாது படுக்கையை விட்டு எழ முடியாதவரானார். மைந்தர் பள்ளிப் படிப்பை நான்காம் வகுப்போடு நிறுத்திவிட்டு, தாயாருக்குப் பணிவிடை செய்யலானார். அன்றாடம் ஊரில் நடந்தவற்றையெல்லாம் வீட்டுக்கு வந்து தாயார் முன்பு நடித்துக் காட்டுவது அவர் வழக்கம். கடைக்காரர், காவற்காரர், அண்டை வீட்டுக் கிழவி, தெருவில் ஓடிய குதிரை ஆகிய யாவரும் யாவும் அப்படுக்கை அருகே அவருடைய உடம்பில் தோன்றி மறைந்தனர். பிற்காலத்தில் கோடிக்கணக்கான ஜனங்கள் கட்டணம் கொடுத்துப் பார்த்த அந்த வித்தைக்கு முதல் ரஸிகர் எழுந்து நடக்கவும் கேட்கவும் இயலாத ஒரு தாய். நடிப்பை அவர் எந்த ஆசிரியரிடத்தும் கற்கவில்லை; அன்பின் நிமித்தம் கற்றார்.

வயது வந்ததும் ஊரிலிருந்த நாடகக் கொட்டகையில் சாமான்கள் எடுத்துக் கொடுக்கும் வேலையில் அமர்ந்து, பின்னர் 1902 முதல் மேடையேறலானார். ஊர் ஊராகச் செல்லும் சங்கீத ஹாஸ்ய நாடகக் கம்பெனிகளில் வாழ்க்கை தரித்திரமும் அலைச்சலுமாகவே கழிந்தது. 1905-ல் கிளீவா கிரெய்ட்டன் என்னும் பாடகியை மணந்தார். மறு வருஷம் கிரெய்ட்டன் என்ற மகன் பிறந்தான். மண வாழ்க்கை இனிதே நடைபெறவில்லை. 1913-ல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் சேனி வேலை செய்துகொண்டிருந்த கொட்டகையிலேயே அம்மாது விஷம் அருந்தினார். உயிர் பிழைத்தார், பாடும் குரல் போய்விட்டது. தம்பதிகள் பிரிந்தனர். அவதூறு பரவவே சேனிக்கு மேடையிலும் இடமில்லாமற் போயிற்று. புகலிடம் தேடி வந்தவராகவே அவர் சலனப்பட ஸ்டூடியோவின் வாயிலில் நின்றார். 1915-ல் ஹேஸல் ஹேஸ்டிங்ஸ் என்பாரை மறுமணம் புரிந்துகொண்ட பின்னரே, சிறுவனாயிருந்த மகனைத் திரும்ப அழைத்து வந்து குடும்பமாக வாழ முடிந்தது.

யூனிவர்ஸல் கம்பெனியில் சில்லறை வேஷங்கள் பலவற்றை அவர் தாங்கினார். காலையில் என்ன வேஷத்துக்கு ஆள் வேண்டுமென்று கேட்கிறார்களோ, அந்த வேஷத்தை அங்கேயே தரித்துக்கொண்டு நிற்கும்பொருட்டுச் சாயப்பெட்டியை எப்பொழுதும் கையில் வைத்திருந்தார். சம்பள உயர்வு கேட்டபொழுது, வாரத்துக்கு 100 டாலருக்கு மேல் பெறும் யோக்யதை அவருக்கு ஒருநாளும் வராதென்று ஓர் அதிகாரி கூறிவிட்டார் என்பது ஸினிமா சரித்திரத்தில் பிரஸித்தமான செய்தி. சேனி வெளியேறினார். 1919-ல் வெளிவந்த 'மிராக்கிள் மேன்' என்ற படம் அவரைப் புகழுக்கு உயர்த்தியது. அதில் அவருக்கு வாய்த்தது கைகால் முடங்கியவன் போல் வேஷமிட்டு ஜனங்களை ஏமாற்றும் ஒரு மோசக்காரனின் பாத்திரம். அவன் பொய்யாகக் குணமடைந்து எழுந்து நிற்பதைக் கண்டு, உண்மையாகவே நொண்டியான ஒரு சிறுவன் ஊன்றுகோலை எறிந்துவிட்டு நடந்து வருகிறான். அப்படத்தில் சில துண்டுகளே இன்று எஞ்சியிருக்கின்றன.

மறு வருஷம் 'பெனால்ட்டி' என்ற படத்தில், இரண்டு கால்களும் இழந்த கொள்ளைத் தலைவனாக நடித்தார். கால்களை முழங்காலில் மடக்கிப் பின்புறமாக வார்களாற் கட்டி, முழங்கால்களைத் தோலுறைகளில் நுழைத்து, அவற்றின் மீதே நடந்தார், குதித்தார், ஏணியேறினார். இரத்த ஓட்டம் தடைப்படுவதால் சில நிமிஷங்களுக்கு மேல் அக்கட்டைப் பொறுக்க முடியாது. அவிழ்த்து, ஓய்ந்து, மீண்டும் கட்டிக்கொள்வார். 1923-ல் விக்டர் ஹ்யூகோவின் நவீனத்தைத் தழுவிய 'நாட்டர்டாம் கூனன்' வெளிவந்தது. ஆலயத்தின் மணிகளை அடித்து அடித்தே செவிப்புலன் இழந்தவனும், முதுகு கூனி, ஒரு கண் மறைந்தவனுமான குவாஸிமோடோவின் பாத்திரம் அவருடையது. சாட்டையடி பட்டுத் தாகத்தால் தவிக்கும் அவனுக்கு எஸ்மரால்டா தண்ணீர் கொடுக்கும் காட்சியில், ஒரு காது கேளாதவனின் நன்றியறிதலைக் காட்டச் சேனிக்கு வேறெங்கும் சென்று பாடம் கேட்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

1925-ல் 'பாந்தம் ஆப் தி ஆப்பரா' வந்தது. முகமூடியை நாயகி பின்னிருந்து பிடுங்கும் கணத்தில் தோன்றும் மண்டையோட்டு முகத்தை, படம் வெளிவரும் வரையில் கம்பெனியார் பத்திரிகைகளுக்குக் காட்டாமல் மறைத்து வைத்தனர். அதே வருஷத்தில் வெளியான 'அன்ஹோலி திரீ' படத்தில், கிளி விற்கும் கிழவியாக மாறுவேஷம் பூண்ட ஒரு திருடனாக நடித்தார். ஸ்திரீபார்ட் நடிகர்களைக் கண்டு பழகிய நமக்கு ஆண்மகன் புடவை கட்டுவது புதுமையன்று. அங்கேயோ பெண்வேஷம் என்பது வஞ்சகத்தின் போர்வையாகவே கதையில் வந்தது. ஆயினும் அக்கிழவியின் தளர்ந்த நடையிலும் கைநடுக்கத்திலும் பரிகாசம் சிறிதும் இல்லாமற் செய்திருந்தார். தரையில் ஊரும் பூச்சியை மிதிக்கவேண்டாம், அது சேனியாக இருந்தாலும் இருக்கும் என்று அந்நாளில் ஜனங்கள் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்ளும் அளவுக்கு அவர் கீர்த்தி பரவியது. வேஷம் புனையும் கலையைப் பற்றி பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தின் 1929-ஆம் வருஷத்துப் பதிப்புக்குக் கட்டுரை எழுதும்படி அவரையே அழைத்தனர். அவர் நடித்த படங்கள் 150-க்கு மேற்பட்டவை. அவற்றிற் பெரும்பாலானவை அழிந்துபோயின.

இவ்வளவும் புகழ்ச்சி. இனி, மற்றொரு பக்கத்தையும் பார்ப்பது நமது கடமையாகும்.

சேனியின் கதைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் புலப்படும். அங்கத்திற் குறைபாடுடைய பாத்திரம் ஒன்று கொடியவனாக இருக்கிறது. அல்லது பிறருக்காக உயிரைத் துறக்கும் தியாகியாக இருக்கிறது. அல்லது குறைபாடே பொய்யாக இருக்கிறது. 'பெனால்ட்டி' கதையில், சிறு வயதில் ஒரு வைத்தியர் அநாவசியமாகக் கால்களை வெட்டிய அநீதியே அவனைக் கொடியவனாக்கியதென்று ஆரம்பித்து, முடிவில் மூளையில் ஒரு சிகிச்சை செய்தவுடன் அவன் நல்லவனாகிறான். உடனே சுட்டுக் கொல்லப்படுகிறான். குவாஸிமோடோ எஸ்மரால்டாவைக் காப்பாற்றிவிட்டு இறக்கிறான். ஹ்யூகோவின் நூலில் அவளும் மடிகிறாள், படத்திலோ அவள் தன் அழகிய காதலனோடு சேர்ந்து வாழ்கிறாள். 'பிளாக்பேர்டு' படத்தில் முடவனாக நடித்துவந்த திருடன் முடிவில் மெய்யாகவே முடவனாகி உயிர் துறக்கிறான். குறைபாடு என்பது தெய்வ தண்டனை என்ற மூடக் கொள்கை அங்கே கதையாக வடிவெடுத்தது. அங்கஹீனன் காதலிக்கலாம், காதலிக்கப்படக் கூடாது. சாகலாம், வாழக் கூடாது என்பது எழுதாச் சட்டமாக இருந்தது. இக்குற்றம் ஹாலிவுட்டுக்கு மாத்திரம் உரியதென்று நாம் இறுமாந்துவிட வேண்டாம். கூனி என்றவுடனே நமது மனம் கைகேயியைக் கெடுத்தவளைத்தான் நினைக்கிறது.

கதைகள் ஒருபுறமிருக்க, அவை தயாரான விதத்தையும் நோக்க வேண்டும். 1927-ல் வெளிவந்த 'அன்னோன்' என்ற படத்தில் சேனிக்குக் கைகளிரண்டும் இல்லாத ஸர்க்கஸ்காரன் வேஷம். அவன் கால்விரல்களாற் கத்தி எறிகிறான், சுருட்டுப் பற்றவைக்கிறான். ஜனங்கள் வியந்து நின்ற அக்கால்கள் பல காட்சிகளில் சேனியுடையவை அல்ல. பால் டெஸ்முக் என்ற, உண்மையிலேயே கைகளில்லாத ஒரு கலைஞரின் கால்கள் அவை. அவருடைய கால்களைப் படத்துக்கு வேண்டிக்கொண்டார்கள். முகத்தை வேண்டாமென்று மறைத்துவிட்டார்கள். ஓர் உடம்பின் திறமையை எடுத்துக்கொண்டு, அவ்வுடம்புக்குரிய மனிதனைத் திரைக்குப் பின்னால் நிறுத்துவது எவ்வளவு பெரிய அநீதி என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் வேறு தேட வேண்டியதில்லை.

ஜாதி வித்தியாசத்திலும் இதே கதைதான். 1922-ல் 'ஷாடோஸ்' என்ற படத்தில் சேனி ஒரு சீனத்துச் சலவைக்காரராக வேஷமிட்டார். 1927-ல் 'மிஸ்டர் வூ' படத்தில் சீனப் பிரபுவாகவும் அப்பிரபுவின் பாட்டனாராகவும் நடித்தார். அப்பிரபுவின் மகளாக நடிக்கும் பாக்கியம் பிரெஞ்சு நாட்டு நடிகை ரெனே அடோரேக்குக் கிடைத்தது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலே பிறந்த சீன வம்சத்து நடிகை அன்னா மே வாங் அதே படத்தில் இருந்தார். அவருக்குக் கிடைத்ததோ ஒரு சிறு வேஷமே. மெய்யான சீனப் பெண் ஒதுங்கி நிற்க, மையிட்டுக் கண்ணை இடுக்கிக்கொண்ட வெள்ளைப் பெண் சீனப் பெண்ணாக நடுவில் நிற்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள். ஒரு ஜாதியாரின் முகத்தை இன்னொரு ஜாதியார் முகமூடியாக அணிந்துகொள்ளும் இவ்வழக்கத்தை, அந்நிய ஆதிக்கத்தின் சுவையை அறிந்த நமது ஜனங்கள் எளிதில் விளங்கிக்கொள்வர். நம்மைப் பற்றி நாம் பேசுவதற்கு முன்னே பிறர் பேசி முடித்துவிடுவது அடிமைத்தனத்தின் அடையாளங்களுள் ஒன்று.

அப்படியாயின் சேனியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி விடலாமா? அது நியாயமாகாது என்பது நமது துணிபு. வேஷங்களை யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானித்தவர்கள் முதலாளிகள். சேனியோ அவர்களிடம் கூலிக்கு நின்றவர். இன்னொன்றும் உண்டு. அவருக்கு முன்னே இத்தகைய பாத்திரங்கள் வேடிக்கைப் பொருளாகவோ பூச்சாண்டியாகவோ மாத்திரம் வந்து போயின. கோரமான முகத்துக்குள்ளே மானமும் ஆசையும் ஏக்கமும் உடைய ஒரு மனிதன் குடியிருக்கிறான் என்பதை ஜனங்கள் கண்ணீரோடு ஒப்புக்கொள்ளும்படி செய்தவர் சேனி. அவருடைய குவாஸிமோடோவைக் கண்டு சிரித்துக்கொண்டு வந்தவர்கள் சிரித்துக்கொண்டு திரும்பவில்லை. இரக்கம் நீதியாகாது என்பது உண்மையே. ஆயினும் இரக்கமே இல்லாத இடத்தில் நீதி முளைத்ததாகவும் சரித்திரமில்லை. சேனி முதற்படியைக் கட்டினார். அங்கேயே நின்றுவிட்டது அவருக்குப் பின் வந்த தொழிலின் குற்றம்.

இனி, அவருடைய வாழ்க்கையின் கடைசி அத்தியாயத்துக்கு வருவோம். ஊமைப்படம் காது கேளாதோருக்குக் கிடைத்த ஒப்பற்ற வரப்பிரசாதம். கொட்டகையில் காது கேட்பவரும் கேளாதவரும் அருகருகே உட்கார்ந்து, ஒரே காட்சியைக் கண்டு, எழுத்தாகக் காட்டப்படும் ஒரே வாசகத்தைப் படித்து, ஒரே நேரத்தில் சிரித்தனர். வேறெந்தக் கலையிலும் அத்தகைய சமத்துவம் அவர்களுக்குக் கிட்டியதில்லை. 1927 அக்டோபரில் 'ஜாஸ் ஸிங்கர்' வெளியானதும் பேசும் படத்தின் காலம் பிறந்தது. உலகமெல்லாம் அதனைக் கொண்டாடியது. எழுத்து வாசகங்கள் திரையை விட்டு மறைந்தன. அந்த ஆரவாரத்தில், தங்கள் முகத்தெதிரே ஒரு கதவு சாத்தப்பட்டதைக் காது கேளாதோர் மாத்திரம் உணர்ந்தனர். அவர்களுக்கென எழுத்திட்ட படங்களை வழங்க அமெரிக்காவில் சட்டம் பிறந்தது 1958-லேதான்.

சேனி பேசும் படத்துக்கு எளிதில் இணங்கவில்லை. மற்றைய பெரிய நடிகர்கள் ஒவ்வொருவராகப் பேசத் தொடங்கிய பின்னரும் அவர் காலம் தாழ்த்தினார். கடைசியில் 1930-ல் 'அன்ஹோலி திரீ' படத்தையே பேசும் படமாக மீண்டும் தயாரித்தபொழுது இசைந்தார். அதில் கிழவி, கிளி முதலாக ஐந்து குரல்களில் அவரே பேசினார். குரலிலும் அவர் ஆயிரம் முகம் உடையவரென்று உலகம் வியந்தது. ஆனால் அக்குரலை உலகம் மறுமுறை கேட்கக் கொடுத்துவைக்கவில்லை. மார்பிற் புற்றுநோய் அவரைப் பற்றியிருந்தது. படம் வெளிவந்த சில வாரங்களில், 1930 ஆகஸ்டு 26-ந் தேதி, தொண்டையில் இரத்தம் பெருகி, 47-ஆம் வயதில் அவர் காலமானார். இறுதி நாட்களில் பேச முடியாமற்போகவே, குழந்தைப் பருவத்தில் தாயாரிடம் பேசிய அந்தக் கைப்பாஷையிலேயே தம் கருத்தைத் தெரிவித்தார் என்பர். கிளென்டேல் இடுகாட்டில் பெயர் பொறிக்கப்படாத சமாதியில் அவர் உடல் அடக்கமாயிற்று. எத்தனையோ முகங்களை அணிந்தவர் தமக்கென ஒரு கல்லையும் வைத்துக்கொள்ளவில்லை.

அவருக்குப் பின் நடந்தவற்றையும் இரண்டொரு வார்த்தையிற் கூறுவோம். அவரை வைத்துப் பல படங்கள் எடுத்த டைரக்டர் டாட் பிரௌனிங், 1932-ல் 'பிரீக்ஸ்' என்ற படத்தில் மெய்யாகவே அங்க வித்தியாசமுடையோரை நடிக்க வைத்தார். வேஷத்தைக் கண்டு கைதட்டிய அதே ஜனங்கள் மெய்யைக் கண்டு முகஞ்சுளித்தனர். பிரிட்டனில் அப்படம் சுமார் முப்பது வருஷங்கள் தடைசெய்யப்பட்டிருந்தது. 1946-ல், யுத்தகாலத்து ராணுவப் பயிற்சியின்போது இரு கைகளையும் இழந்த ஹரால்டு ரஸல், 'பெஸ்ட் இயர்ஸ் ஆப் அவர் லைவ்ஸ்' படத்தில் தம்மைப் போன்ற ஒரு போர்வீரனாக நடித்து இரண்டு ஆஸ்கார் பரிசுகள் பெற்றார். அக்கதையில் அவன் சாகவில்லை. தான் விரும்பிய பெண்ணை மணந்து வாழ்கிறான். காது கேளாத நடிகை மார்லீ மாட்லின் 1987-லும், காது கேளாத நடிகர் டிராய் கோட்ஸர் 2022-லும் அப்பரிசைப் பெற்றனர். கோட்ஸர் நடித்த கதை, காது கேளாத பெற்றோருக்குப் பிறந்த, காது கேட்கும் ஒரு பெண்ணைப் பற்றியது. கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரத்து அந்த வீட்டின் கதை, அவ்வீட்டாரைப் போன்றோராலேயே சொல்லப்பட ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

முன்னாளில் அங்கஹீனர் என்றோம்; இந்நாளில் மாற்றுத்திறனாளிகள் என்கிறோம். பெயர் மாறியது நன்றே. ஆனால் பெயரோடு இடமும் மாறினாலன்றிப் பயனில்லை. பார்க்கப்படுவோர் என்ற இடத்திலிருந்து சொல்லுவோர் என்ற இடத்துக்கு அவர்கள் வந்து சேர வேண்டும். படம் எடுப்போர் இதைக் கவனிப்பார்களாக. படம் பார்ப்போருக்கும் ஒரு கடமை உண்டு. நொண்டி நடக்கும் வில்லனைக் கண்டு அடுத்த முறை நாம் சிரிக்குமுன்னர், அந்த நடையை உடைய மெய்யான மனிதர் ஒருவர் நமக்கு இரண்டு வரிசை பின்னால் அமர்ந்திருக்கலாம் என்பதை நினைவு கொள்வது நலம். லான் சேனி தம் தாயாரின் படுக்கையருகே நடித்தபொழுது, அந்த அறையில் யார் அமர்ந்து பார்க்கிறார் என்பதை ஒரு கணமும் மறந்ததில்லை.